நிமிர முயலாமல் நிமிர்வது: அன்றாட அசைவுகளை இலகுவாக்கிக்கொள்ள ஒரு வழிகாட்டி

கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறோம் என்பது திடீரென்று உறைக்கும்போது பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: நெஞ்சை முன்தள்ளி, தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முதுகை விறைத்துக்கொள்கிறோம். இரண்டு மூன்று நிமிடங்களில் அது வலிக்கத் தொடங்குகிறது. கவனம் வேலைக்குத் திரும்பியதும் உடல் பழைய வளைவுக்கே சரிந்துவிடுகிறது. இதைத் தம்முடைய மன உறுதிக் குறைவு என்று நினைத்து நொந்துகொள்பவர்கள் பலர். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்தேன்; தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் நிரந்தரமாகக் குடியேறிய ஒரு வலியைத் தவிர அதனால் எனக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. விறைத்து நிமிர்வதும் தொய்ந்து சரிவதும் ஒரே பழக்கத்தின் இரு முனைகள் என்பது பின்னரே புரிந்தது. முதலாவதில் தசைகளைத் தேவைக்கு மேல் இறுக்குகிறோம். இரண்டாவதில், களைத்துப்போன அதே தசைகளைக் கைவிட்டுவிடுகிறோம். கற்க வேண்டியது இவை இரண்டும் அல்லாத வேறொன்று: ஒவ்வொரு அசைவிலும் நாம் வீணாகச் சேர்க்கும் முயற்சியைக் கண்டுகொண்டு, அதைச் சேர்க்காமல் விடுவது.

இதை முறையான ஒரு பயிற்சியாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் எஃப். எம். அலெக்சாண்டர். 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த அவர் மேடையில் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் பேசிக்காட்டும் கலைஞர். மேடையில் பேசப் பேச அவருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. ஓய்வெடுத்தால் குரல் திரும்பும். மேடையேறினால் மறுபடியும் போய்விடும். பேசும்போது தாம் செய்யும் ஏதோ ஒன்றுதான் குரலைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர், கண்ணாடிகளின் முன் நின்று பேசித் தம்மைத் தாமே கவனித்தார். பேச வாயெடுத்த கணத்திலேயே அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார், குரல்வளையை அழுத்தினார், வாய் வழியாக மூச்சைச் சத்தத்தோடு உறிஞ்சினார். தவறு தெரிந்துவிட்டது, திருத்திவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்கியது: தலையை முன்னுக்குக் கொண்டுவருவதாக அவர் தெளிவாக உணர்ந்த வேளையிலும், கண்ணாடியில் தலை பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தது.

இந்த ஒரு கண்டுபிடிப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும். நம் உறுப்புகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று உள்ளிருந்து சொல்லும் உணர்வு, நெடுநாள் பழக்கத்தையே ‘சரி’ என்று நமக்குக் காட்டுகிறது. சரியான நிலைக்கு உடல் வரும்போது அதுவே கோணலாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கப் பழகியவரை நேராக நிறுத்தினால், தாம் மறுபக்கம் சாய்ந்துவிட்டதாகவே அவர் சொல்வார். ஆகவே, ‘சரியாக இருப்பதாக உணரும் வரை’ உடலைச் சரிசெய்துகொண்டே போவது வீண் வேலை. அலெக்சாண்டர் மேற்கொண்ட வழி வேறு: பழைய பழக்கம் தொடங்கும் அந்தக் கணத்தில் எதையும் செய்யாமல் நின்றுவிடுவது, பிறகு வேறு விதமாகத் தொடங்குவது. 1904இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, 1955இல் இறக்கும் வரை இதையே அவர் கற்பித்தார். விலங்குகளின் நடத்தையைக் கூர்ந்து கவனிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நிக்கோ டின்பெர்கன், 1973இல் ஆற்றிய தம் நோபல் உரையின் கணிசமான பகுதியை இந்த முறையைப் பற்றிப் பேசுவதற்கே ஒதுக்கினார்.

முதலில் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடலைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் வரைபடம் பிழையாக இருந்தால் அசைவும் பிழையாகும். இரண்டு இடங்களில் இந்தப் பிழை மிகப் பரவலாக இருக்கிறது.

ஒன்று, தலை கழுத்தின் மேல் உட்காரும் இடம். ‘தலையைக் குனியுங்கள்’ என்றால் பெரும்பாலோர் கழுத்தின் அடியிலிருந்து, அதாவது சட்டைக் காலர் இருக்கும் இடத்திலிருந்து, கழுத்து முழுவதையும் முன்னே தள்ளுகிறார்கள். உண்மையில் முதல் கழுத்தெலும்பின் மேல் மண்டையோடு உட்காரும் மூட்டு இதைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. இரண்டு காதுகளுக்குள்ளும் ஒவ்வொரு விரலை நீட்டி உள்ளே சந்திக்க வைப்பதாகக் கற்பனை செய்தால், ஏறத்தாழ அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே அது அமைந்திருக்கும். அந்த உயரத்தில் ‘ஆம்’ என்பதுபோல் மிகச் சிறிதாகத் தலையசைத்துப் பாருங்கள். கழுத்து அசையாமலே மூக்கு நுனி கீழிறங்குவதைக் காணலாம். வளர்ந்தவர்களின் தலை நான்கரை முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ளது. அந்த எடையின் மையம் இம்மூட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதால், தலையைத் தாங்குவதில் பின்கழுத்துத் தசைகளுக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு. மண்டையோட்டுக்கு நேர் கீழே உள்ள சின்னஞ்சிறு தசைகளில், தசையின் நீட்சியை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்விகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவை எப்போதும் இறுகியே இருந்தால், உடல் எப்படி இருக்கிறது என்னும் செய்தியே தெளிவில்லாமல் போகிறது. கழுத்திலிருந்து தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

மற்றொன்று இடுப்பு மூட்டு. ‘இடுப்பை வளையுங்கள்’ என்றதும் பலரும் பெல்ட் கட்டும் இடத்தில் முதுகை வளைக்கிறார்கள். அங்கே இருப்பது முதுகெலும்பு. காலும் உடலும் சேரும் மூட்டு அதற்குப் பல அங்குலங்கள் கீழே, தொடையைத் தூக்கினால் மடிப்பு விழும் கவட்டை வரியின் மட்டத்தில் இருக்கிறது. உட்காரும்போதும் குனியும்போதும் பெரிய மடிப்பு விழ வேண்டியது அங்கேதான். உறுதியான நாற்காலியில் அமர்ந்து, புட்டத்தின் அடியில் உள்ளங்கைகளை வைத்து மெல்ல முன்னும் பின்னும் அசைந்தால் இரண்டு உருண்டையான எலும்பு முனைகள் தட்டுப்படும். நாம் உட்கார வேண்டியது இவற்றின் மேல்தான். சோபாவில் சரியும்போது இவற்றை விட்டுப் பின்னுக்கு உருண்டு வால் எலும்பின் மேல் உட்காருகிறோம்.

எதுவும் செய்யாமல் படுத்திருக்கும் பயிற்சி

நாள்தோறும் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தரையில் மெல்லிய விரிப்பை இட்டு மல்லாந்து படுத்து, மண்டையோட்டின் பின்பகுதிக்கு அடியில் மட்டும் சில புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் அடியில் எதுவும் படக்கூடாது. முகவாய் மேல்நோக்கித் தூக்கி நின்றால் புத்தகம் போதவில்லை. தொண்டையை அழுத்தினால் அதிகமாகிவிட்டது. முழங்கால்களை மடித்து, பாதங்கள் இடுப்பு அகலத்தில் தரையில் படிய, முட்டிகள் கூரையைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கைகளைப் பக்கவாட்டில் விரித்து, கைகளை அடிவயிற்றின் மேலோ கீழ்விலாவின் மேலோ வையுங்கள். மெத்தையில் படுப்பது இதற்கு ஒத்துவராது. உடல் எங்கே தொடுகிறது, எங்கே தூக்கி நிற்கிறது என்பதைக் கடினமான தரைதான் சொல்லும்.

இப்படிப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் கண்களைத் திறந்தபடி இருங்கள். கண்களை மூடினால் பலர் தூங்கிவிடுகிறார்கள். தூக்கம் நல்லதுதான், ஆனால் இங்கே நோக்கம் அது அல்ல. இடுப்புக்குப் பின்னால் தரைக்கும் முதுகுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதை அழுத்தித் தரையோடு ஒட்டவைக்கக் கை பரபரக்கும்; ஒட்டவைக்காதீர்கள். ‘கழுத்து தளரட்டும், முதுகு நீண்டு அகலட்டும், முட்டிகள் கூரையை நோக்கிச் செல்லட்டும்’ என்று வார்த்தைகளாக மட்டும் மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். சொல்வது வேறு, செய்வது வேறு என்ற இந்த வேறுபாடு தொடக்கத்தில் எரிச்சலூட்டும். வெறுமனே நினைத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் செய்யப் போகும்போது பழைய தசைகளைத்தான் பழைய விதமாக இயக்குவோம். சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது, ஐந்தாறு நிமிடங்கள் கழித்து அந்த இடைவெளி தானாகக் குறைவதையும் மூச்சு கீழே இறங்குவதையும் பல நாட்களில் கவனிக்கலாம். சில நாட்களில் எதுவும் நடக்காது, அதுவும் பரவாயில்லை.

இதற்கு ஓர் எளிய உடலியல் விளக்கமும் உண்டு. முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் நாள் முழுவதும் எடையைத் தாங்குவதால் நீரை இழந்து மெலிகின்றன. காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறோம். படுத்த நிலையில் சுமை குறையும்போது அவை மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இந்தப் பயிற்சிக்கு மதியமோ மாலையோ பொருத்தமான வேளை. எழும்போது நேராக நிமிர்ந்து எழ வேண்டாம். முதலில் கண்கள், பிறகு தலை, பிறகு முட்டிகள் என்று பக்கவாட்டில் உருண்டு, கைகளை ஊன்றி எழுங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் நெடுநேரம் மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, பக்கவாட்டில் படுத்துச் செய்யலாம்.

நாற்காலி என்னும் ஆசிரியர்

அலெக்சாண்டர் முறை வகுப்புகளில் மாணவர் திரும்பத் திரும்பச் செய்வது, நாற்காலியில் உட்காருவதும் எழுவதும்தான். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒரு நாளில் பலமுறை நாம் யோசிக்காமல் செய்யும் செயல் இது. பழக்கங்கள் அனைத்தும் இங்கே ஒளிவில்லாமல் தெரிந்துவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையைப் பின்கழுத்தில், மண்டையோட்டை ஒட்டி, இலேசாக வைத்துக்கொண்டு வழக்கம்போல் எழுங்கள். எழ நினைத்த கணத்திலேயே, புட்டம் இன்னும் நாற்காலியை விட்டு எழாத போதே, கைக்கு அடியில் தசை இறுகித் தலை பின்னே சாய்வதைப் பெரும்பாலோர் உணர்வார்கள். மூச்சும் அதே நேரத்தில் நின்றிருக்கும். எழுவதற்கு இவை இரண்டில் எதுவும் தேவையில்லை; தொடைகளும் கால்களும் போதும்.

இனி இதை மாற்றும் முறை. எழ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள், ஆனால் எழாதீர்கள். ‘நான் எழப் போவதில்லை’ என்று உங்களுக்கு நீங்களே உண்மையாகவே சொல்லிக்கொள்ளுங்கள். கழுத்திலும் தொடையிலும் ஏற்கனவே கூடிவிட்ட ஆயத்த இறுக்கம் அப்போது வடியும். பிறகு, எழலாம், எழாமலும் இருக்கலாம், ஒரு கையைத் தூக்கிவிட்டு இருக்கலாம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுவதைத் தேர்ந்தெடுத்தால், பாதங்களை முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டு, கவட்டை மடிப்பிலிருந்து உடல் முழுவதையும் ஒரே துண்டாக முன்னே சாய விடுங்கள். முகம் தரையைப் பார்க்கவும் வேண்டாம், கூரையைப் பார்க்கவும் வேண்டாம். உடல் சாயும் அளவுக்குப் பார்வையும் கீழிறங்கட்டும். மூக்கு கால் கட்டைவிரல்களுக்கு நேர் மேலே வரும்போது எடை பாதங்களுக்கு மாறிவிடும். அப்போது பாதங்களைத் தரையில் அழுத்தினால் எழுவது தானாக நடப்பதுபோல் இருக்கும். கைகளால் முட்டியை அழுத்தி உந்தினாலோ, முகவாயைத் தூக்கினாலோ பழைய பழக்கம் முந்திக்கொண்டது என்று பொருள். உட்கார்ந்து மறுபடியும் தொடங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியைப் பயன்படுத்துவது நல்லது. கைப்பிடியைத் தொட்டுக்கொள்வதில் தவறில்லை.

உட்காருவதில் சிக்கல் வேறு விதமானது. இருக்கை பின்னால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் விழுவதுபோன்ற ஒரு சிறு பயம் எழுகிறது, உடல் குறுகுகிறது. கால்களின் பின்புறம் இருக்கையைத் தொடும் வரை பின்னே நகர்ந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. பிறகு முழங்கால்கள் முன்னே போகட்டும், இடுப்பு பின்னே போகட்டும். பாதி வழியில் நின்றுவிட முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நீங்கள் உட்காரவில்லை, விழுகிறீர்கள்.

குனிவதும் தூக்குவதும்

தரையில் கிடக்கும் பொருளை எடுக்கும் ஒரு குழந்தையைக் கவனியுங்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் சேர்ந்து மடியும். முதுகும் தலையும் ஒரே நீளமாக இருக்கும். வளர்ந்த நாம் முழங்காலை விறைத்துக்கொண்டு முதுகை மட்டும் வளைக்கிறோம். குழந்தை செய்வதன் அரைகுறை வடிவத்தை, அதாவது பாதங்களைச் சற்று அகட்டி, முழங்கால்களைப் பாத விரல்களின் திசையில் முன்னே விட்டு, இடுப்பிலிருந்து சாய்ந்து நிற்பதை, ஆசிரியர்கள் ‘குரங்கு நிலை’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். பெயர் கௌரவமாக இல்லாவிட்டாலும், முகம் கழுவுவது, பாத்திரம் துலக்குவது, இழுப்பறையைத் திறப்பது, படுக்கையைச் சரிசெய்வது என்று அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். முகம் கழுவும் தொட்டியின் முன் பழகுவது எளிது: கண்ணாடி எதிரிலேயே இருக்கிறது, நாளுக்கு இரண்டு மூன்று முறை தவறாமல் அங்கே போகிறோம்.

பளு தூக்குவதைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்லலாம்: பொருளை உடலோடு அணைத்துப் பிடிப்பது, எப்படிக் குனிந்தீர்கள் என்பதைப் போலவே முக்கியமானது. கையை நீட்டிப் பிடித்த சிறு சுமையும் முதுகுக்குப் பெரிய சுமைதான்.

திரையின் முன்

கைபேசியைப் பார்க்கத் தலையைத் தாழ்த்துவதா, கைபேசியைத் தூக்குவதா என்ற கேள்விக்கு விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முழங்கைகளை உடலை ஒட்டி வைத்துக் கைபேசியை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து, மீதியைக் கண்களைத் தாழ்த்தியும், காதுகளுக்கு இடைப்பட்ட அந்த உயர்ந்த மூட்டில் சிறிது தலையசைத்தும் சரிக்கட்டுங்கள். கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும், இருக்கை முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படியும் அமைந்தால் உடலுக்கு வசதி. ஆயினும், விலையுயர்ந்த நாற்காலிகளைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் பாதியை நான் நம்புவதில்லை. எவ்வளவு சிறந்த நிலையும் அசையாமல் இரண்டு மணி நேரம் நீடித்தால் கெட்ட நிலையாகிவிடும்; அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பவருக்குச் சாதாரண நாற்காலியே போதும். சாய்ந்து உட்காருவதும் குற்றமல்ல. சாயப் போகிறீர்கள் என்றால் இடுப்பை இருக்கையின் பின்கோடி வரை தள்ளிவிட்டு, முதுகு முழுவதையும் சாய்மானத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.

திரையின் முன் பயில்வதற்கு ஏற்ற ஒரு சிறு உத்தி உண்டு. கைபேசி ஒலித்ததும் எடுக்காதீர்கள். முதல் மணி ஒலிக்கும்போது தோள் எகிறுகிறதா, மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் மணியில் கழுத்தைத் தளர விடுங்கள். மூன்றாம் மணியில் எடுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

நடப்பதும் சின்னச் சின்ன வேலைகளும்

நடக்கும்போது எல்லாவற்றையும் ஒருசேரத் திருத்த முயன்றால் நடையே தடுமாறும். வாரத்துக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு வாரம் கைகள் தோளிலிருந்து தடையின்றி ஊசலாடுகின்றனவா என்று, மறு வாரம் குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதம் முழுவதும் தரையைத் தொட்டு எழுகிறதா என்று. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. காலணிக்குள் அதை ஒற்றைக் கட்டையைப்போல் இறுக்கி வைத்துக்கொள்வதை விட்டாலே நடையின் ஓசை குறையும்.

பல் துலக்கும்போது தூரிகையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பேனா, வாகனத்தின் திசைதிருப்பி, கதவின் கைப்பிடி, எலிச்சுட்டி ஆகியவற்றைப் பற்றும் வலிமையில் பாதியைக் குறைத்தும் வேலை நடப்பதைக் காணலாம். கையில் குறைத்த இறுக்கம் தாடையிலும் தோளிலும் குறைகிறது என்பதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

எவ்வளவு பலன், எங்கே எல்லை

முதுகுவலியைப் பொறுத்தவரை இந்த முறைக்கு உறுதியான ஆய்வுச் சான்று உண்டு. பிரிட்டனில் நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுவலி உள்ள 579 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரங்களில் இடைநிலையாக 21 நாட்கள் வலி இருந்தது. 24 அலெக்சாண்டர் பாடங்கள் பெற்றவர்களுக்கு அது 3 நாட்களாக இருந்தது. இவை பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நேரில், கையால் தொட்டு வழிநடத்திய பாடங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தனியாக, எழுத்தைப் படித்துப் பயில்பவர் அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வலியை மீறி எதையும் செய்யாதீர்கள். விழுந்து அடிபட்ட பின் தொடங்கிய வலி, காய்ச்சலோடு அல்லது காரணமற்ற எடைக் குறைவோடு வரும் முதுகுவலி, படுத்தாலும் தணியாத இரவு வலி, நாளுக்கு நாள் மோசமாகும் கால் பலவீனம் ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரைப் பாருங்கள். கவட்டைப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ அது அவசர நிலை; அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மேற்கொண்டு கற்க விரும்புகிறவர்கள் ஓர் ஆசிரியரிடம் சில பாடங்களாவது எடுத்துக்கொள்வது நல்லது. நம் உணர்வு நம்மை ஏமாற்றுகிறது என்பதுதான் இங்கே மூலச் சிக்கல் என்பதால், வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண்ணும் தொட்டுணரும் ஒரு கையும் மாதக்கணக்கான தடுமாற்றத்தைக் குறைக்கும். ஆசிரியர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள். தொழில்முறைச் சங்கங்கள் ஏற்கும் ஆசிரியர் பயிற்சி வழக்கமாக மூன்று ஆண்டுகள் நீள்வது. தொடக்கப் பாடங்களில் பெரும்பாலும் ஒரு நாற்காலியும் ஒரு மேசையும்தான் இருக்கும். தளர்வான உடை அணிந்து சென்றால் போதும். ஆசிரியரின் கை இலேசாக இருக்கும், உங்களை எந்த நிலைக்கும் அழுத்தித் திணிக்காது. மூட்டுகளைச் சொடுக்கி முறிப்பவர், வலிக்கும் வரை இழுப்பவர், ஒரே அமர்வில் குணமாக்குவதாக வாக்களிப்பவர் ஆகியோர் கற்பிப்பது வேறு ஏதோ ஒன்று.